பக்கத்துக் கோபுரம் ஏன் தொல்லை தருகிறது? செல்களுக்கிடையிலான குறுக்கீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் நெட்வொர்க்குகளை அளந்து சீர்செய்வது என் வேலை. புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், செலவுக்கு ஒப்புதல் தரவேண்டிய அதிகாரிகள், வீட்டில் இணையம் சரியில்லை என்று வருபவர்கள் என யார் வந்தாலும் கேட்பவை ஏறக்குறைய இந்தக் கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. ஃபோனில் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன. ஆனாலும் வீடியோ நின்று நின்று ஓடுகிறதே, ஏன்?

கோடுகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டுகின்றன: உங்கள் கோபுரம் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை. பக்கத்துக் கோபுரங்களும் அதே அளவுக்கு உரக்கக் கேட்கின்றனவா என்பது அவற்றில் தெரியாது. வேகத்தை முடிவு செய்வதோ இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம். வேண்டிய சிக்னலை, குறுக்கீடும் (பக்கத்துக் கோபுரங்களின் சிக்னல்) இரைச்சலும் (கருவியில் இயல்பாகவே இருக்கும் ஓசை) சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைப்பது அது. எங்கள் துறையில் அதை எஸ்ஐஎன்ஆர் என்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெசிபல் என்பது விகிதத்தைச் சொல்லும் அலகு: 0 என்றால் சமம், 3 கூடினால் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. உங்கள் கோபுரமும் பக்கத்துக் கோபுரமும் சம பலத்தில் கேட்டால் எஸ்ஐஎன்ஆர் 0 டெசிபல். சம பலத்தில் இன்னொன்றும் சேர்ந்தால் −3 டெசிபல். தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் வகுத்த வரம்பின்படி, 0 டெசிபலில் 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஒரு தடத்தில் (ஒற்றை டேட்டா ஓட்டத்தில்) நொடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேல் தராது. அதே அலைக்கற்றை 20 டெசிபலில் 66 மெகாபிட் வரை தரும். இரண்டு இடங்களிலும் கோடுகள் ஒன்றாகவே இருக்கலாம்.

கோபுரத்தில் கூட்டம் அதிகமானாலும் இதே அறிகுறிதான் தெரியும். இரண்டையும் பிரித்தறியும் வழியை 14ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

2. இரண்டு கோபுரங்களும் ஒரே நிறுவனத்தினுடையவைதானே? பிறகு ஏன் ஒன்றையொன்று கெடுக்கின்றன?

ஒரே நிறுவனம் என்பதால்தான் கெடுக்கின்றன. வேறு நிறுவனத்துக்கு வேறு அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கும். உங்கள் நிறுவனம் தன்னிடமுள்ள அலைவரிசையையே எல்லாக் கோபுரங்களிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. இது தவறு அல்ல. செல் (கோபுரத்தின் ஆன்டெனா சேவை தரும் சிறு பகுதி) என்ற ஏற்பாடே இதன்மேல்தான் நிற்கிறது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய உள்குறிப்பிலேயே இந்த யோசனை இருக்கிறது. பரப்பை அறுகோணச் சிறு பகுதிகளாகப் பிரித்து, போதிய தூரம் தள்ளி அதே அலைவரிசையை மறுபடி பயன்படுத்துவது. அது இல்லாவிட்டால் ஒரு பெரிய நகரத்தில் ஒரே நேரத்தில் சில நூறு பேர்தான் பேச முடியும்.

3. அப்படியானால் அடுத்தடுத்த கோபுரங்களுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுத்துவிட்டால் தீர்ந்ததே?

முதலில் அப்படித்தான் செய்தார்கள். 1983இல் சிகாகோவில் தொடங்கிய அனலாக் சேவையைப் போன்ற நெட்வொர்க்குகளில் அலைவரிசைகளை ஏழு பங்காக்கி, ஏழு செல்கள் கொண்ட கூட்டத்துக்கு ஒவ்வொரு பங்காகக் கொடுப்பது வழக்கம். ஏழு என்ற எண் கணக்கிலிருந்து வந்தது. அந்த முறையில் ஒரே அலைவரிசை மறுபடி வரும் தூரம் செல்லின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 4.6 மடங்கு. தூரத்தின் நான்காம் அடுக்கில் சிக்னல் தேய்கிறது என்று கொண்டு, சுற்றியுள்ள ஆறு செல்களையும் கூட்டினால், செல்லின் விளிம்பில் விகிதம் 18 டெசிபலைச் சற்றுத் தாண்டும். அனலாக் குரல் தெளிவாகக் கேட்கத் தேவைப்பட்டது அந்த 18 டெசிபல்தான்.

இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் கிடைப்பது சொத்தில் ஏழில் ஒரு பங்கு. டேட்டா யுகத்தில் அது கட்டுப்படியாகாது. எல்டிஇயிலும் (4ஜி) 5ஜியிலும் எல்லாச் செல்களும் முழு அலைக்கற்றையையும் பயன்படுத்துகின்றன. விளிம்பில் வரும் தொல்லையை வேறு வழிகளில் சமாளிக்கின்றன. பின்வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த வழிகளைப் பற்றியவை.

4. எங்கள் பகுதிக் கோபுரத்தின் பவரைக் கூட்டச் சொல்லுங்களேன்?

இந்தக் கோரிக்கையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் கோபுரத்தில் மட்டும் கூட்டினால் உங்களுக்கு நன்மை உண்டு. ஆனால் அதே அளவு தொல்லை பக்கத்துச் செல்லில் இருப்பவருக்குப் போகிறது. அவரும் கூட்டச் சொல்வார். இரண்டையும் 3 டெசிபல் கூட்டினால் மேலே சொன்ன விகிதத்தில் தொகுதியும் பகுதியும் சேர்ந்தே இரட்டிப்பாகும். விகிதம் அப்படியே நிற்கும். மின்கட்டணம்தான் ஏறும்.

கோபுரங்கள் அரிதாக உள்ள இடங்களில் கதை வேறு. அங்கே எதிரி குறுக்கீடு அல்ல, இரைச்சல். அங்கே பவர் உதவும். நெருக்கமாகக் கோபுரங்கள் நிற்கும் இடத்தில் பவரைக் குறைத்துப் பயன் கண்ட தருணங்களே என் அனுபவத்தில் அதிகம்.

5. ஆன்டெனாவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இவ்வளவு எளிய வேலைக்கு அவ்வளவு பலனா?

ஆம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். 30 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவை 2 டிகிரி சாய்த்தால் கற்றையின் (ஆன்டெனா ஒரு திசையில் குவித்து அனுப்பும் அலைகளின்) நடுப்பகுதி ஏறத்தாழ 860 மீட்டரில் தரையைத் தொடும். 6 டிகிரி சாய்த்தால் 285 மீட்டரில். அதைவிட முக்கியம் கற்றையின் மேல் விளிம்பு. செங்குத்து அகலம் 7 டிகிரி என்றால், 2 டிகிரிச் சாய்வில் மேல் விளிம்பு தொடுவானத்துக்கு மேலே நிற்கும். அதாவது, அந்த ஆன்டெனாவின் வலுவான வீச்சு எங்கும் தரையில் முடிவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். 6 டிகிரியில் அதே விளிம்பு 700 மீட்டருக்குள் தரையில் இறங்கிவிடுகிறது.

ஒரு நாற்சந்தியில் அளவெடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. வேனின் பின் இருக்கையில் மடியில் லேப்டாப். திரையில் மூன்று செல்கள்: −79, −80, −88 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் பலம்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). முதலாவது அருகிலிருந்த கோபுரம், மூன்றாவது அதன் அண்டைக் கோபுரம். நடுவில் இருந்த −80, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குன்றின்மேல் 2 டிகிரிச் சாய்வில் நின்ற ஆன்டெனா. அதற்கு இந்தச் சந்தியில் எந்த வேலையும் இல்லை. எஸ்ஐஎன்ஆர் 0 டெசிபலை ஒட்டி ஊசலாடியது. குன்றின் ஆன்டெனாவை 8 டிகிரிக்கு இறக்கச் சொல்லிவிட்டு அதே இடத்தில் காத்திருந்தோம். −80 என்பது −96க்கு விழுந்தது. எஸ்ஐஎன்ஆர் 8 டெசிபலைத் தொட்டது. 1ஆம் பதிலின் கணக்குப்படி அது ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். புதிய கருவி எதுவும் வாங்கவில்லை.

குன்றின் அடிவாரத்தில் ஓட்டை விழுந்ததா என்றும் போய்ப் பார்த்தோம். விழவில்லை, அங்கே முன்பைவிட நன்றாகவே இருந்தது. இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். சாய்வை அளவுக்கு மீறி இறக்கினால் இரண்டு செல்களுக்கு நடுவே யாருக்கும் சேராத நிலம் உண்டாகிவிடும்.

6. எலக்ட்ரிக்கல் டில்ட், மெக்கானிக்கல் டில்ட்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆன்டெனாவையே பிடித்துக் குனியவைப்பது மெக்கானிக்கல். அதில் முன்பக்கக் கற்றை மட்டும் இறங்கும். பக்கவாட்டில் 90 டிகிரி திசையில் எந்த மாற்றமும் இருக்காது. பின்பக்கம் மேலே தூக்கும். விளைவாக, முன்னால் சுருங்கிய கற்றை பக்கவாட்டில் பிதுங்கியதுபோல் ஆகிவிடும். எலக்ட்ரிக்கல் முறையில் உள்ளே உள்ள அலகுகளின் கட்டத்தை (ஃபேஸ்: அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை) மாற்றுவதால் எல்லாத் திசையிலும் ஒரே சீராகச் சுருங்குகிறது. கோபுரத்தில் ஆள் ஏறாமல் தொலைவிலிருந்தே செய்யவும் முடியும். குறுக்கீட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் எலக்ட்ரிக்கலைத் தீர்த்துவிட்டு, போதாவிட்டால் மெக்கானிக்கலுக்குப் போகலாம்.

7. 2ஜி, 3ஜி காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

2ஜியான ஜிஎஸ்எம்மில் 9 டெசிபல் விகிதம் போதும் என்ற அளவுக்கு டிஜிட்டல் திருத்தம் கைகொடுத்தது. அதனால் ஏழு செல் கூட்டத்தைச் சுருக்க முடிந்தது. நொடிக்கு 217 முறை அலைவரிசை தாவும் முறையும் இருந்தது. இதனால் ஒரே பயனர் தொடர்ந்து அடிபடாமல், தொல்லை எல்லோருக்கும் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டது. பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒலிபரப்பை நிறுத்திவிடும் ஏற்பாடு இன்னொன்று. 3ஜியில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் குறியீட்டால் மட்டும் பிரிந்திருந்தார்கள். அதனால் நொடிக்கு 1500 முறை பவரைத் திருத்தினார்கள். விளிம்பில் இருப்பவரை இரண்டு மூன்று கோபுரங்களோடு ஒரே நேரத்தில் இணைத்துத் தொல்லையையே துணையாக மாற்றினார்கள். அந்தக் கடைசி யோசனை 11ஆம் கேள்வியில் திரும்ப வரும்.

8. எல்டிஇயில் கோபுரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்கிறார்களே, என்னதான் பேசுகின்றன?

உண்மையாகவே பேசிக்கொள்கின்றன. எக்ஸ்2 என்ற இணைப்பு அதற்குத்தான். எல்டிஇயின் முதல் பதிப்பான ரிலீஸ் 8இலேயே மூன்று செய்திகள் வரையறுக்கப்பட்டன. முதலாவது, “இந்தந்த அலைவரிசைத் துண்டுகளில் நான் பவரைக் கட்டுக்குள் வைத்திருப்பேன்” என்ற வாக்கு. ஒவ்வொரு 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுக்கும் ஒரு பிட். இரண்டாவது, “இந்தத் துண்டுகளில் என் விளிம்புப் பயனர்களை அனுப்பப்போகிறேன், எச்சரிக்கை” என்ற முன்னறிவிப்பு. மூன்றாவது, “இந்தத் துண்டில் எனக்குத் தொல்லை அதிகம், நடுத்தரம், குறைவு” என்ற முறையீடு.

செய்தி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தரநிலை விதிக்கவில்லை. அதைக் கருவி செய்பவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதனால் இரு வேறு தயாரிப்பாளர்களின் கோபுரங்கள் எல்லையில் சந்திக்கும் இடங்களில் எதிர்பார்த்த பலன் கிடைப்பது கடினம். ஒருங்கிணைப்பு இயங்குகிறது என்று அறிக்கையில் இருந்தால் மட்டும் நம்பாதீர்கள்; எல்லையில் போய் அளந்து பாருங்கள்.

9. நடுவில் இருப்பவருக்கு முழு அலைக்கற்றை, விளிம்பில் இருப்பவருக்கு மட்டும் பங்கு என்று வைத்தால் என்ன?

நல்ல கேள்வி, இதை நீங்களாகவே யோசித்திருந்தால் பாராட்டுகிறேன். இதற்குப் பகுதி மறுபயன்பாடு என்று பெயர். கோபுரத்துக்கு அருகில் உள்ளவருக்குக் குறைந்த பவர் போதும். அது பக்கத்துச் செல்லை எட்டாது. விளிம்பில் உள்ளவர்களுக்கு மட்டும் 3ஆம் பதிலில் சொன்ன பழைய முறையில், மூன்று செல்களுக்கு மூன்று பங்காக அலைக்கற்றையைப் பிரிக்கிறோம். இன்னும் நெகிழ்வான வடிவத்தில் எந்தத் துண்டையும் முழுதாக ஒதுக்கிவைப்பதில்லை. அவரவர் விளிம்புத் துண்டில் பவர் அதிகம், மற்றத் துண்டுகளில் குறைவு, அவ்வளவுதான்.

விளிம்பில் இருப்பவர்களின் எண்ணிக்கை மணிக்கு மணி மாறுவதுதான் சிக்கல். காலையில் போட்ட பங்கு மாலையில் பொருந்தாது. நிலையான பங்கீட்டைவிட, எக்ஸ்2 செய்திகளைக் கேட்டு மாறிக்கொள்ளும் பங்கீடு மேல்.

10. பெரிய கோபுரத்தின் எல்லைக்குள்ளேயே சிறிய செல் வைத்தோம். யாரும் அதில் இணைவதில்லை. இணைந்தவர்களும் குறை சொல்கிறார்கள். என்ன தவறு?

பெரிய செல் 40 வாட், சிறிய செல் 1 வாட் என்று வைத்துக்கொள்வோம். 16 டெசிபல் வித்தியாசம். ஃபோன் வலுவான குரலையே தேர்ந்தெடுக்கும். ஆகவே சிறிய செல்லின் ஆட்சி சில பத்து மீட்டருக்குள் முடிந்துவிடும். இதைச் சரிசெய்ய, சிறிய செல்லின் அளவீட்டில் ஒரு கற்பனைக் கூடுதலைச் சேர்த்து ஒப்பிடும்படி ஃபோனுக்குச் சொல்கிறோம். 6 டெசிபல் கூட்டினால் எல்லை விரியும், கூட்டம் பிரியும். ஆனால் விரிந்த பகுதியில் இருப்பவருக்குப் பெரிய செல் தன் செல்லைவிட 6 டெசிபல் வரை உரக்கக் கேட்கும். நீங்கள் சொன்ன குறை அங்கிருந்துதான் வருகிறது.

மருந்து நேரத்தில் இருக்கிறது. ரிலீஸ் 10இல் வந்த முறைப்படி, பெரிய செல் குறிப்பிட்ட மில்லிநொடிகளில் டேட்டா அனுப்பாமல் வாய்மூடி இருக்கும். எஃப்டிடியில் (அனுப்பவும் கேட்கவும் தனித்தனி அலைவரிசை உள்ள முறையில்) 40 மில்லிநொடிக்கு ஒரு முறை இந்த ஒழுங்கு திரும்ப வரும். சிறிய செல் தன் விளிம்புப் பயனர்களுக்கு அந்த நேரத்தில் அனுப்பும். முழு மௌனம் சாத்தியமில்லை; பழைய ஃபோன்களுக்காக மேற்கோள் சிக்னல்களை (ஃபோன் செல்லை அளந்து பார்க்க உதவும் நிலையான சிக்னல்களை) பெரிய செல் அனுப்பியே ஆகவேண்டும். அந்த மிச்சத் தொல்லையை ஃபோனே கழித்துக்கொள்ளும் திறன் ரிலீஸ் 11இல் சேர்ந்தது. இவை எல்லாவற்றுக்கும் இரண்டு செல்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். கூடுதலை ஏற்றிவிட்டு மௌன நேரத்தை ஒதுக்க மறந்த செல்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் அதைச் சரிபாருங்கள்.

11. இரண்டு கோபுரங்களும் சேர்ந்தே எனக்கு அனுப்பினால் குறுக்கீடே இருக்காதே?

கொள்கையில் அப்படித்தான். ரிலீஸ் 11 இதைத் தரநிலையில் சேர்த்தது. இரண்டு கோபுரங்கள் ஒரே டேட்டாவை ஒரே நொடித்துணுக்கில் அனுப்பினால் பகை உறவாகிவிடும். ஆனால் இரண்டிடமும் ஒரே டேட்டா இருக்க வேண்டும், இரண்டும் உங்கள் அலைவழியை அறிந்திருக்க வேண்டும், கட்டம் பிசகக் கூடாது. ஒளியிழை இணைப்பும் இரண்டுக்கும் பொதுவான செயலாக்க மையமும் இல்லாமல் இது நடக்காது; ஒளியிழையிலேயே ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி தாமதம் உண்டு.

அதன் எளிய வடிவத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன்: பக்கத்துக் கோபுரம் அந்த ஒரு மில்லிநொடி மட்டும் அந்தத் துண்டில் சும்மா இருப்பது. பலனில் பெரும்பகுதி கிடைக்கும், தொல்லை குறைவு.

12. சேவை தொடங்காத புதுச் செல்லில்கூட எஸ்ஐஎன்ஆர் மோசமாக இருக்கிறது. பயனரே இல்லாமல் குறுக்கீடு எப்படி வரும்?

செல் அடையாள எண்ணைப் பாருங்கள். எல்டிஇயில் 504 எண்கள், 5ஜியில் 1008. எல்டிஇயில் இரண்டு ஆன்டெனா உள்ள செல்லில், அந்த எண்ணை 3ஆல் வகுத்தால் வரும் மீதிதான் மேற்கோள் சிக்னல்கள் எந்த இடத்தில் அமரும் என்பதை முடிவு செய்கிறது. அடுத்தடுத்த இரண்டு செல்களுக்கு மீதி ஒன்றானால் அவற்றின் மேற்கோள் சிக்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். டேட்டா துளியும் இல்லாவிட்டாலும் ஃபோன் மோசமான அளவையே சொல்லும்.

மீதியை மாற்றிவிட்டால் எல்லாம் தீரும் என்று எண்ண வேண்டாம். மாற்றினால் அவை பக்கத்துச் செல்லின் டேட்டா இடங்களில் விழும். அந்தச் செல் நிரம்பி ஓடும்போது அங்கேயும் மோதல்தான். ஒரே கம்பத்தின் மூன்று செக்டர்களுக்கும் (மூன்று திசைகளைப் பார்க்கும் செல்களுக்கும்) வெவ்வேறு மீதி என்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் 5ஆம் பதிலின் சாய்வு வேலை அதிகம் உதவும்.

13. இதுவரை சொன்னது எல்லாம் கோபுரத்திலிருந்து ஃபோனுக்கு. ஃபோனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் திசையில் என்ன நடக்கிறது?

அந்தத் திசையில் தொல்லை தருபவர் பக்கத்துச் செல்லின் விளிம்பில் நிற்கும் பயனர். அவருடைய ஃபோன் தன் கோபுரத்தை எட்ட உச்ச பவரான 200 மில்லிவாட் வரை போகும். உங்கள் கோபுரமும் அதைக் கேட்கும். இழப்பை முழுதாக ஈடுகட்டச் சொன்னால் விளிம்பில் இருப்பவர் கத்திக்கொண்டே இருப்பார். அதனால் எல்டிஇயில் பகுதி ஈடுதான் வழக்கம். 0.8 என்ற குணகத்தில், வழி இழப்பு 20 டெசிபல் கூடினால் ஃபோன் 16 டெசிபல் மட்டும் கூட்டும். விளிம்பில் இருப்பவருக்குச் சிறிது வேகம் குறையும், சுற்றிலும் எல்லோருக்கும் அமைதி. என் கணிப்பில் இது நியாயமான பேரம்.

14. இது பக்கத்துச் செல்லின் வேலையா, வேறு கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நள்ளிரவுக்குப் பின் பாருங்கள். அப்போது அண்டைச் செல்கள் காலியாக இருக்கும். ஃபோனிலிருந்து கோபுரத்துக்கு வரும் திசையில், 180 கிலோஹெர்ட்ஸ் துண்டு ஒன்றில் வெறும் இரைச்சல் −118 டிபிஎம்மை ஒட்டி இருக்க வேண்டும். பகலில் −105க்கு ஏறி இரவில் −118க்கு இறங்கினால் பெரும்பாலும் அண்டைச் செல் பயனர்கள்தான். இரவிலும் இறங்காமல், திசைக்குத் திசை மாறினால் வெளியிலிருந்து வரும் சிக்னல்; அங்கீகாரம் இல்லாத பூஸ்டர் ஒன்று எங்காவது தானே ஊளையிட்டுக்கொண்டிருக்கலாம். உங்கள் சொந்தச் செல்லின் ஒலிபரப்பு ஏற ஏற இந்த இரைச்சல் அளவும் ஏறினால் கேபிள் இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது. அண்டையைக் குறை சொல்லாமல் கோபுரத்தில் ஏறுங்கள்.

1ஆம் கேள்வியின் கூட்ட நெரிசலையும் இப்படியே பிரிக்கலாம். எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் அது நெரிசல்.

15. 5ஜியில் கற்றை பயனரை நோக்கியே போகிறது. இனி குறுக்கீடு பழங்கதைதானே?

குறைகிறது, அழிவதில்லை. கற்றை குறுகினால் தேவையில்லாத இடத்தில் விழும் ஆற்றல் குறையும். அது பெரும் லாபம். ஆனால் பக்கத்துச் செல்லின் கற்றை உங்கள் அருகில் நிற்பவரை நோக்கித் திரும்பும் கணத்தில் உங்கள்மேல் அப்படியே அடிக்கும். அரை மில்லிநொடியில் வேறு பக்கம் போய்விடும். பழைய தொல்லை தொடர்ந்த முணுமுணுப்பு என்றால் இது மின்னல். சராசரி நன்றாக இருக்கும், ஃபோன் சொன்ன மதிப்பீடும் நன்றாக இருக்கும், அந்த நொடித்துணுக்கின் டேட்டா பொட்டலம் (பாக்கெட்) மட்டும் கெட்டுப்போகும். மறுமுறை அனுப்பும் எண்ணிக்கையைக் கவனித்தால்தான் இது கண்ணில் படும்.

16. டிடிடி நெட்வொர்க்கில் சில அதிகாலைகளில் மட்டும் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் படுத்துவிடுகின்றன. அண்டைச் செல்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. எங்கே தேடுவது?

நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தேடுங்கள். டிடிடியில் அனுப்புவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால், எல்லாக் கோபுரங்களும் ஒரே நேரத்தில் அனுப்பி ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். செல்களுக்கிடையே 3 மைக்ரோநொடிக்கு மேல் பிசகக் கூடாது. ஒரு கோபுரத்தின் கடிகாரம் தவறினால், ஃபோனின் 200 மில்லிவாட்டைக் கேட்கக் காது கொடுத்திருக்கும் அண்டைக் கோபுரத்தின்மேல் 40 வாட் நேராக விழும். இதை முதலில் விலக்கிவிடுங்கள்.

கடிகாரங்கள் சரி என்றால் மிஞ்சுவது வளிமண்டலம். தரையருகில் குளிர்ந்த காற்று, மேலே வெப்பக் காற்று என்று அடுக்கு கவிழும்போது அலைகள் குழாயில் போவதுபோல் வளைந்து வெகுதூரம் செல்லும். எல்டிஇயில் அனுப்புவதற்கும் கேட்பதற்கும் இடையே இரண்டு குறியீட்டு (சிம்பல்: டேட்டா அனுப்பும் மிகச்சிறு நேரக்கூறு) நேரம் இடைவெளி விட்டிருந்தால் அது ஏறத்தாழ 143 மைக்ரோநொடி. அதற்குள் அலை 43 கிலோமீட்டர் போகும். அதற்கு அப்பாலிருந்து வரும் ஒலிபரப்பு உங்கள் கேட்கும் நேரத்துக்குள் நுழைந்துவிடும். இடைவெளியை ஒன்பது குறியீட்டுக்கு விரித்தால் 190 கிலோமீட்டர் வரை காப்பு உண்டு; பதிலுக்கு ஒலிபரப்பு நேரம் குறையும். 5ஜியில் தொலைவிலுள்ள கோபுரத்தை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு சிக்னலை ரிலீஸ் 16 சேர்த்திருக்கிறது. அதுவரை காத்திராமல் ஒன்று செய்யலாம்: பாதிக்கப்பட்ட செல்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். அம்புகள் ஒரே பக்கம் காட்டினால், அந்தப் பக்கத்தில் உயரமாக, சாய்வு குறைவாக நிற்கும் கோபுரங்களிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.